முப்பத்தொன்றாவது பெயர்

2009 ஜனவரி 27, செவ்வாய்

பீடாதிபதி மசூர் சேர் காலையில் கூப்பிட்டு ஒரு பொறுப்பைத் தலையில் கட்டினார். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைக் கெம்பசுக்கு அழைக்க வேண்டும். ஆய்வுகூடங்களைக் காட்டி, கணிதமும் விஞ்ஞானமும் படித்தால் என்னென்ன தொழில்கள் உண்டென்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘அறிவியல் தொழில் வழிகாட்டல் நாள்’, மார்ச் 4. பெயரையும் தேதியையும் அவரே வைத்துவிட்டார். மிச்சமெல்லாம் நான்.

“இத வடிவாச் செஞ்சு முடிச்சா நிரந்தர நேர்முகத்துல சொல்லக்கூடியதா இரிக்கும், முனவ்வறா.”

மூன்று வருடமாகத் தற்காலிக உதவி விரிவுரையாளர். பௌதிகத் துறையில் மின்விசிறி நின்றாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். எனக்கே ஒழுங்கான தொழில் இல்லை. நான் தொழில் வழிகாட்டப் போகிறேன்.

பெப்ரவரி 3

பாடசாலைப் பட்டியலைக் கொண்டுபோனேன். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், எங்கள் மருதமுனை. கடைசியில் பெரியநீலாவணைத் தமிழ்ப் பாடசாலை ஒன்று. சேரின் பேனை அதற்கு மேலே வந்து நின்றது.

“இது சோலி. வழியில செக்பொயின்ற். தமிழ்ப் பொடியன்கள், பொட்டைகள்... ஏன் நமக்கு?”

எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் சேர் என்றேன். அந்தப் பாடசாலையில் பௌதிகத்துக்கு ஆசிரியரே இல்லை, அவர்களுக்குத்தானே முதலில் காட்ட வேண்டும் என்றேன். ஒன்றும் ஏறவில்லை. பிறகு சொன்னேன்: “ரெண்டு இனமும் வந்தா அறிக்கையில நல்லா இருக்கும் சேர்.”

உடனே சரி என்றார்.

அதைச் சொன்ன வாயை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் சொன்னதால்தானே நடந்தது?

பெப்ரவரி 26, வியாழன்

ஆமிக் காம்பிலிருந்து அனுமதி வந்துவிட்டது. பெரியநீலாவணைப் பிள்ளைகள் முப்பது பேரின் பெயரும் தட்டச்சில், கீழே முத்திரை. ஒரு பிரதி அவர்களிடம், ஒரு பிரதி என்னிடம். கொண்டுபோய் அதிபர் குணம் சேரிடம் காட்டினேன். எங்கள் ஆய்வுகூட உத்தியோகத்தர் நல்லரெத்தினம் அண்ணனும் கூட வந்தார். பாண்டிருப்பு ஆள், அதிபருக்குப் பழக்கம்.

திரும்பும்போது சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை வழியை மறித்தது. கஜேந்தினி. பட்டியலுக்குப் பெயர் எடுத்த கிழமை மட்டக்களப்பில் மாமி வீட்டில் நின்றதாம்.

“மிஸ், நீங்க ஃபிசிக்ஸ் தானே? சுனாமியண்டு முதல் வந்தது சின்ன அலை. அது போனாப் பிறகு கடல் உள்ளுக்கு வாங்கிட்டு. எங்கட அண்ணன் ரெண்டு பேரும் மீன் பொறுக்க இறங்கின. அடுத்தது எத்தின நிமிசத்துல வருமெண்டு முதலே கணக்குப் பாக்க ஏலுமா?”

அழவில்லை. விடை தெரிய வேண்டும், அவ்வளவுதான். பரீட்சை மண்டபத்தில் மேலதிகத் தாள் கேட்பதுபோல் கேட்டாள்.

ஆழம் தெரிந்தால் வேகம் தெரியும் என்று ஒரு கடிதவுறையின் பின்னால் சமன்பாட்டை எழுதிக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள். “இவ்வளவு தானா?” என்றாள். கோபம் மாதிரி இருந்தது. “இத அண்டைக்கு ஒருத்தருக்கும் தெரியாதா?”

தெரிந்தவர்கள் தூரத்தில் இருந்தார்கள் என்றேன்.

“அப்ப நானும் வாறன் மிஸ்.”

அவளைக் கூட்டிக்கொண்டு அதிபரின் அறைக்குத் திரும்பிப் போனேன். பட்டியல் மூடியாச்சு என்றார் அதிபர். நான் என் பிரதியை மேசையில் வைத்து, முப்பதாவது பெயருக்குக் கீழே நீல மையால் 31 என்று போட்டு அவள் பெயரை எழுதினேன். ஒரு பிள்ளைதானே.

மார்ச் 3

நாளைக்கு. அலைத் தொட்டி ஒழுகுகிறது. நல்லரெத்தினம் அண்ணன் மெழுகு பூசிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 4, புதன்

முடிந்தது. ஐந்து பாடசாலை, நூற்றியிருபது பிள்ளைகள். சேருக்குப் பெரிய சந்தோசம்.

வரும் வழியில் கஜேந்தினியைச் சோதனைச்சாவடியில் மறித்து வைத்துக்கொண்டார்கள். பட்டியலில் பிரச்சினை. நல்லரெத்தினம் அண்ணன் அவளோடு இறங்கி நின்றுகொண்டார். அசர் தொழுகைக்குப் பிறகு அவரிடமிருந்து போன்: பிள்ளையைக் காம்புக்குள் கொண்டுபோய்விட்டார்கள், தகப்பன் வந்து வாசலில் நிற்கிறார், இன்னும் விடவில்லை.

தலை வலிக்கிறது. எழுத முடியவில்லை.

மார்ச் 5

நேற்று முழுவதையும் எழுதவில்லை. தலைவலியும் பொய். இதில்கூட பொய் எழுதுகிறேன் என்றால் நான் என்ன பிறவி?

நடந்தது இதுதான். எட்டரை மணிக்குப் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். அதிகாரி அவருடைய பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். முப்பது பெயர் முடிந்தது, ஒரு பிள்ளை மிச்சம். என் பிரதியை வாங்கினார். நீல எழுத்தில் விரலை வைத்தார்.

“இது யார் எழுதின?”

‘நான், சேர்’ என்றிருக்கலாம். ஒரே ஒரு சொல். நான்.

அவருக்குப் பின்னால் ஒரு சிப்பாய் துவக்கைத் தோள் மாற்றினான். அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னைத் தொடவில்லை, வெருட்டவில்லை. என் வாய் தானாகச் சொல்லிற்று: “தெரியாது சேர். ஸ்கூல்ல எழுதியிருப்பாங்க.”

கஜேந்தினி எனக்குப் பக்கத்தில் இரண்டு முழத் தூரத்தில் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ‘மிஸ்தான் எழுதின’ என்று சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லவில்லை? ஏதோ யோசித்துத்தான் மிஸ் அப்படிச் சொல்கிறா என்று நம்பினாளா?

யாரும் எழுதாத பெயர் என்றால், களவாக நுழைந்த ஆள். அவர்கள் கணக்கு அப்படித்தான் போகும். அவளை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள். “நான் நிக்கிறன், நீங்க போங்க மிஸ்” என்றார் நல்லரெத்தினம் அண்ணன். நான் போனேன். மற்றப் பிள்ளைகள் முப்பது பேர், அங்கே நான்கு பாடசாலை காத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். போய் அலைத் தொட்டியில் அலை எழுப்பிக் காட்டினேன். கைதட்டினார்கள்.

இன்று சுபஹ் தொழுத கையோடு காம்ப் வாசலுக்குப் போனேன். பத்து மணிக்கு அவளை வெளியே விட்டார்கள். ஒரு இரவு முழுக்க உள்ளே. தகப்பன் ஜீவராஜ் தன் சேர்ட்டைக் கழற்றி அவளுக்கு மேலே போர்த்தினார். குளிர் ஒன்றுமில்லை. சேலையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நான் தள்ளியே நின்றேன்.

“எண்ட புள்ள என்ன பிழை செஞ்ச மிஸ்?” என்று அவரே என்னிடம் வந்து கேட்டார். ஒன்றுமில்லை, பட்டியலில் ஒரு பிழை என்றேன். யாருடைய பிழை என்று அவர் கேட்கவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நல்லரெத்தினம் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “நீங்க பொம்புளப்புள்ள, பயந்திட்டீங்க. அது விளங்குது. ஆனா அவளும் பொம்புளப்புள்ளதானே மிஸ்.”

வீட்டில் உம்மாவிடம் சொன்னேன். “நல்ல காலம் மகள், சொல்லாம இருந்த. நாம ஏன் அவங்கட சோலிக்குள்ள போய் விழணும்” என்றா. அந்த ஆறுதல் என்னை இன்னும் கீழே தள்ளியது.

மார்ச் 12

அறிக்கை கொடுத்தேன். ‘அனுமதி பெறாத ஒரு மாணவியின் பெயரை ஏற்பாட்டாளராகிய நானே சேர்த்தேன், அதனால் அம்மாணவி தடுத்து வைக்கப்பட்டார்’ என்று ஒரு பந்தி எழுதியிருந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்து, நாலாவது தடவை எழுதியது.

பின்னேரம் பீடாதிபதி அலுவலகத்தில் திருத்தித் தந்தார்கள். அந்தப் பந்தி இல்லை. அதற்குப் பதிலாகப் படம் ஒன்று: பர்தா போட்ட பிள்ளையும் பொட்டு வைத்த பிள்ளையும் ஒரே நுணுக்குக்காட்டிக்கு மேலே குனிகிறார்கள்.

கையெழுத்து வைத்தேன்.

மார்ச் 30

நல்லரெத்தினம் அண்ணன் என்னோடு முறைத்துக்கொள்ளவில்லை. “ஓம் மிஸ்”, “சரி மிஸ்”. வேறு ஒன்றும் கதைப்பதில்லை.

மே 9, சனி

பெறுபேறு வந்துவிட்டது. குணம் சேர் போன் எடுத்தார். கஜேந்தினிக்கு ஏழு ஏ, இரண்டு பி. “உயர்தரக் கணிதப் பிரிவுக்குக் கல்முனைக்குப் போகணும். தகப்பன் விடுறாரில்ல. நீங்க ஒருக்கா வந்து கதைச்சா என்ன மிஸ்?”

போனேன். சுனாமி வீட்டுத் திட்டத்தில் கடைசி வீடு. ஜீவராஜ் முற்றத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கதிரை போட்டார், மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தா. அவ்வளவு மரியாதை செய்தார்கள்.

“கெட்டிக்காரி எண்டு எனக்குத் தெரியும் மிஸ். ரெண்டு பொடியன கடல் கொண்டுபோன. மிச்சமா இருக்கிறது இவள் ஒருத்தி. ஒரே ஒரு நாள் வெளிய விட்டன், காம்பில போய்க் கூட்டிக்கு வந்தன். இப்ப சந்தியில நிக்கிறவனெல்லாம் கேக்கிறான், ராவு முழுக்க உள்ளுக்கு வெச்சு என்ன செஞ்சாங்களெண்டு. ஒண்டும் செய்யல்ல, கேள்விதான் கேட்டாங்களெண்டு புள்ள சொல்றாள். நான் நம்புறன். ஊர் நம்புதா?”

சொல்லத்தான் போனேன். வழி நெடுக வசனம் கூடத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். தேத்தண்ணி ஆறும்வரை இருந்தேன். “படிப்ப நிப்பாட்டாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினேன்.

கதவுச்சீலைக்குக் கீழே இரண்டு பாதம் தெரிந்தது. அவள் வெளியே வரவேயில்லை.

மே 19

யுத்தம் முடிந்ததாம். வெடி கொளுத்துகிறார்கள். செக்பொயின்ற்றில் பஸ்ஸை நிற்பாட்டி எல்லோருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். அதே இடம். கையை நீட்டி வாங்கினேன். பார்த்துக்கொண்டே நின்றார்கள், சாப்பிட்டேன். நல்லரெத்தினம் அண்ணன் இன்று லீவு.

ஒக்டோபர் 6

நிரந்தர நேர்முகம். கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர் அந்த அறிக்கையைப் புரட்டினார். “இந்தக் காலத்துல, இந்த இடத்துல, இப்படி ஒரு நிகழ்ச்சி! துணிச்சல்தான்” என்றார்.

நன்றி சேர் என்றேன். அந்தச் சொல்லை எனக்குச் சொல்லாதீர்கள் என்று கத்தியிருக்க வேண்டும். நன்றி சேர் என்றேன்.

நவம்பர் 17

கடிதம் வந்தது. நிரந்தரம். உம்மா அயல் வீட்டுக்கெல்லாம் வட்டிலப்பம் அனுப்பினா.

2010 பெப்ரவரி 9, செவ்வாய்

அடுத்த வழிகாட்டல் நாளுக்கான துண்டுப்பிரசுரம். கெம்பசில் போட்டோக்கொப்பி மெசின் பழுது. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போனேன். “இருநூறு கொப்பி” என்று தாளை நீட்டினேன். வாங்கிய ஆளைப் பிறகுதான் பார்த்தேன்.

கஜேந்தினி.

தாளைப் பார்த்தாள். மேலே பெரிய எழுத்தில் ‘உங்கள் எதிர்காலம் அறிவியலில்’. என் வாசகம்தான். “ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா மிஸ்?” என்றாள். ஒரு பக்கம் என்றேன். மெசின் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு தாளுக்கும் அவள் முகத்தில் பச்சை வெளிச்சம் விழுந்து போனது.

“கஜேந்தினி, அண்டைக்கு அந்தப் பேர நான்...”

“தெரியும் மிஸ். நான் பக்கத்துலதானே நிண்ட.”

“எனக்குப் பயம் புடிச்சிட்டு.”

“எனக்கும் பயந்தான்.” தாள்களைத் தட்டி அடுக்கினாள். “உள்ளுக்கு விடிய விடிய ஒரே கேள்வி. உண்ட பேர ஆர் எழுதின, ஆர் எழுதின எண்டு. தெரியாது எண்டுதான் சொன்னன். உங்களக் காட்டிக் குடுக்கக் கூடாதெண்டு நினைச்சன்.”

கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்க, ‘நான்தான் எழுதின’ எண்டு சொல்லியிருந்தா என்ன மிஸ்? கூடிப்போனா உங்களயும் ஒரு மணித்தியாலம் நிப்பாட்டியிருப்பாங்க. பிறகு ரெண்டு பேரும் பஸ்ஸில ஏறியிருப்பம்.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கில் எந்த வரி பிழை என்று காட்டும் குரலில் சொன்னாள். சரியான விடைதான். எனக்கு அன்று அந்த விடை வரவில்லை.

தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், வீட்டுக்கு வந்து நானே படிப்பிக்கிறேன், ஒரு சதமும் வேண்டாம் என்று கடகடவென்று சொன்னேன். தலையை ஆட்டினாள், வேண்டாமென்று.

“சித்திரைக்குப் பிறகு எனக்குக் கலியாணம் மிஸ். தம்பிலுவில் பக்கம். அவங்களுக்குக் காம்புக் கதை தெரியாது. நீங்க வந்து போனா, ஆர் இவ எண்டு கேப்பாங்க. வராதீங்க.”

கொப்பிகளை றப்பர் பேண்ட் போட்டுத் தந்தாள். பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

பெப்ரவரி 18, வியாழன்

நிகழ்ச்சி முடிந்தது. இந்த முறை நூற்றியெண்பது பிள்ளைகள். பாதையில் மறிப்பு எதுவுமில்லை, பட்டியலை யாரும் கேட்கவில்லை. பெரியநீலாவணைக்கும் அழைப்புப் போனது. ஒருவரும் வரவில்லை.

மதியம் மசூர் சேரிடம் போய்ச் சொன்னேன். போன வருடம் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதியது நான், கேட்டபோது இல்லையென்றதும் நான், அதனால்தான் அந்தப் பாடசாலை வரவில்லை. மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். ஒரு வருடம் கழித்து, எதுவும் பறிபோகாது என்றான பிறகு.

அவர் கழுத்து ரையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“அது முடிஞ்ச கதை, முனவ்வறா. வாங்க, படம் எடுக்கப் போறாங்க.”

போனேன். என்னை நடுவில் நிறுத்தினார்கள்.