துணியாவது காயட்டும்

லிஸ்பன், ஆகஸ்ட் 9

என் செல்ல மகன் அபீலியோவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் என் முழங்காலும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே லக்சம்பர்க்கில் நீயும் மருமகள் கிராசியேத்தும் குட்டி பெனெதித்தாவும் சுகமாயிருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி என்றாயே, எண்ணெயை வெதுவெதுப்பாக்கி நெஞ்சில் தடவு, இரவுக் காற்றில் தூக்கிக்கொண்டு அலையாதே.

உன் மாமியார் ஃபிர்மீனா வந்தால் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நான் வரமாட்டேன் என்று ஈஸ்டருக்குச் சொன்னேன் அல்லவா, நீ போனில் அழுததை மறக்கவில்லை. நான் எதைத்தான் மறந்தேன். ஃபிர்மீனா வீட்டாரும் நாமும் குடியிருந்த பொது முற்றத்தில் எடுத்த அந்தப் பழைய சிரிப்புப் படத்தில், காதலன் கீழே நின்று பாடும்போது மாடி ஜன்னலில் துணி உலர்த்தும் கை மட்டும் தெரியும், "பாடுங்க தம்பி, உங்க மூச்சுக் காத்துல என் துணியாவது காயட்டும்" என்று ஒரு குரல் வரும். கையும் குரலும் சலவைக்காரியான உன் பாட்டியுடையது, பெயர்தான் போடவில்லை. அதை வைத்துக்கொண்டு ஃபிர்மீனா உன் கல்யாண விருந்தில், எழுபது பேர் முன்னால், வாயில் மீனோடு, அது எங்கம்மா கை, உங்கம்மாவுக்கு அன்னைக்குக் காய்ச்சலாச்சே என்றாள். பதினோரு வருஷமாகிறது. அன்று அவள் பச்சை உடுப்பில் ஒரு பொத்தான் இல்லை.

இப்போது அந்தப் படத்தைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டு ஒலிவியா என்னை இழுத்துப் போனாள். தையல்காரனாக இருந்த காதலன் இப்போது சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஆட்டோ ஓட்டுகிறான், போகட்டும். அவன் பாடத் தொடங்கியதும் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது, டிவியோடு சேர்ந்து அந்த வசனத்தைச் சொல்லாதவர்கள் இந்த ஊரில் யார். ஜன்னல் திறந்தது, ஒரு பெண் போனை நீட்டி அவனைப் படம் பிடித்தாள், அவ்வளவுதான். துணியும் இல்லை வசனமும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து நின்று நானே உரக்கச் சொன்னேன். அதே நொடியில் பின்வரிசையிலிருந்து இன்னொரு கிழவியின் குரல், ஒரு சொல் பிசகாமல், என் அம்மா இழுத்த இடத்தில் இழுத்துச் சொன்னது. எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரியாதா.

வெளியே வந்தால் படிக்கட்டில் ஃபிர்மீனா நிற்கிறாள். உங்கம்மாவையும் தூக்கிட்டானுங்க, எங்கம்மாவையும் தூக்கிட்டானுங்க தியோலிந்தா, இனிமே நாம எதுக்காகச் சண்டை போடுறது என்றாள். உங்கம்மா அதுல இருந்தாத்தானே தூக்குறதுக்கு என்றேன். சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். படி இறங்கக் கைகொடுத்தேன், அவள் முழங்கால் என்னுடையதைவிட மோசம், அதில் எனக்கு வருத்தமில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே. ஆனால் ஞானஸ்நானத்துக்கு எங்கள் இருவருக்கும் சேர்த்தே டிக்கெட் போடு, ஜன்னலோரம் எனக்கு. அந்தப் பழைய படத்தையும் மறக்காமல் தேடி வை. கிராசியேத்தை வேளைக்குச் சாப்பிடச் சொல், உங்கள் மூவரையும் ஆண்டவர் தம் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும். படத்தில் ஜன்னலில் தெரியும் அந்தக் கை யாருடையது என்று பேத்தியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஃபிர்மீனாவும் சொல்வாள், சொல்லட்டும்.

உன் அம்மா,
தியோலிந்தா