‘பழுது’ என்று இரண்டாம் முறை எழுதியபோது

இன்று காலை புல்லெல்லாம் உறைபனி. பக்கத்து வீட்டுக்குப் புதிதாய் வந்த சென்னைப் பெண் ஓடிவந்து கதவைத் தட்டினாள். “ஆன்ட்டி, வெளியில இருக்கிற ஹீட் பம்ப் எரியுது! புகை புகையா வருது!” எட்டிப் பார்த்தேன். வெறும் நீராவி. சிரித்துவிட்டேன், கூடவே அழுகையும் வந்தது. சொல்லிச் சிரிக்க நீ இல்லையே, தோழி. நீ போய் மூன்று மாதமாகிறது.

எண்பதுகளில் இங்கே, நியூசிலாந்தின் ஆக்லாந்து வீடுகளில், அறையைச் சூடாக்கும் அந்த இயந்திரம் அபூர்வம். விற்பனைக்கு வரும் வீடுகளைப் பரிசோதிக்கும் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த என்னை, நான் விடாமல் கேட்டு நச்சரித்த பிறகு, முதலாளி ஒரு வீட்டுக்குத் தனியே அனுப்பினார். போன இடத்தில் ஹீட் பம்பின் வெளிப்பெட்டியிலிருந்து ஆவி கிளம்பியது. உள்ளே சூடான காற்றும் நின்றது. யாழ்ப்பாணத்தில் மின்விசிறியை மட்டுமே கண்டவளுக்கு வேறென்ன தோன்றும்? மெயின் சுவிட்சை அணைத்தேன். ‘பழுது, தீ அபாயம்’ என்று எழுதினேன். விற்பனை நின்றுபோனது. பிறகு வந்த மெக்கானிக் ஒரு குறையும் இல்லை என்றான். வெயில் நாட்டுக்காரிக்குச் சூட்டைப் பற்றி என்ன தெரியும் என்று முதலாளி எல்லார் முன்னும் கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் தட்டச்சு என்றார்.

நாம் இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்த நீ, பென்ரோஸ் பகுதியில் ஒரு பட்டறையில் குளிரூட்டிகளுக்குச் செப்புக் குழாய் பற்றவைத்துக்கொண்டிருந்தாய். “எதுக்கு அழுவுற? அவனுக்கு மட்டும் தெரியுமா? சனிக்கிழமை பட்டறைக்கு வா லா” என்றாய்.

அங்கே அதேபோன்ற ஹீட் பம்ப் ஒன்றின் மூடியைக் கழற்றி, குழாய்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாய். “இது சூட்ட உண்டாக்கல. வெளிக்காத்துல இருக்கிற கொஞ்சநஞ்ச சூட்ட அள்ளி உள்ள கொண்டு போவுது. அள்ள அள்ள வெளிய ஐஸ் புடிக்கும். அதக் கரைக்க கொஞ்ச நேரம் ஓட்டத்தத் திருப்பும். அப்பதான் ஆவி வரும், உள்ள காத்து நிக்கும். சில நிமிஷத்துல சரியாயிடும் லா.”

“சரிவராட்டி?”

“அப்ப அதான் பழுது.”

திங்கட்கிழமை நான் தட்டச்சு மேசையில் உட்காரவில்லை. என் பிழையை ஒத்துக்கொண்டேன். அந்த ஆவி ஏன் வந்தது, நீங்கள் சொல்லுங்கள் என்று முதலாளியைக் கேட்டேன். அவர் காதைச் சொறிந்தார். நானே சொன்னேன், ஒரு குழாய் விடாமல். கடைசியில் இன்னொரு வீட்டுச் சாவியை மேசையில் போட்டார். இதிலும் பிழைவிட்டால் வேலையே இல்லை என்றார்.

அந்த வீட்டிலும் வெளிப்பெட்டியில் ஐஸ். ‘நல்லது’ என்று எழுதிவிட்டுப் போகும்படி வீட்டுத் தரகர் அவசரப்படுத்தினார். நான் நகரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் மழையில் குடையோடு நின்றேன். ஐஸ் கரையவில்லை, தடித்துக்கொண்டே போனது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதே ‘பழுது’ என்ற சொல்லை எழுதிக் கையெழுத்திட்டேன். ஓட்டத்தைத் திருப்பும் வால்வு இறுகிக் கிடந்ததை மறுநாள் அதே மெக்கானிக்தான் கண்டுபிடித்தான். அதன்பிறகு என்னை யாரும் தட்டச்சுக்கு அனுப்பவில்லை.

உன் இறுதிச் சடங்கில் உன் மகன், அம்மா ஒரு பட்டறையில் வேலை செய்தார் என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் கடந்துபோனான். பாவம், அவனுக்குத் தெரியாது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. யாரும் அழைக்காமலே எழுந்து முன்னால் போனேன். “இருவது வருசம் நான் வீடுகளைப் பரிசோதிச்சனான். எனக்குப் படிப்பிச்சது இவ. என்ர முதலாளிக்கும் சேர்த்துத்தான் படிப்பிச்சவ” என்றேன். சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். இனி எங்கே யார் உன்னை ஒரு வரியில் முடித்தாலும், அங்கே நான் எழுந்து நிற்பேன்.