மலையேற ஏற்ற பேன்ட்

அன்புள்ள ரோகிணிக்கு,

உன் கழுத்து வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? எனக்கு ஜெர்மனிக் குளிர் பழகிவிட்டது, சளிகூட இல்லை.

போன சனிக்கிழமை ஆபீஸில் எல்லோரையும் மலையேறக் கூட்டிப்போனார்கள். தொளதொளவென்று பேன்ட் வாங்கச் சொல்லியிருந்தார்கள். கொடைக்கானலுக்கே ஜீன்ஸில் போனவன்தானே என்று, நான் நம்மூர்க் காளவாசல் கடையில் எடுத்த ஜீன்ஸையே மாட்டிக்கொண்டு போனேன். பாதி மலையில் ஒரு பாறைமேல் காலைத் தூக்கி வைத்ததும் பின்பக்கம் டர்ரென்று கிழிந்துவிட்டது. அடி எதுவும் இல்லை, பயப்படாதே.

விரித்து உட்காரலாமென்று பையில் கைலி வைத்திருந்தேன். பெட்டி கட்டும்போது, "அங்க போயி இதக் கட்டி மானம் போகவா?" என்று நான் எடுத்தெறிய, "கெடக்கட்டும், கொண்டு போங்க" என்று நீ திரும்பச் செருகினாயே, அதேதான். மரத்துக்குப் பின்னால் போய் ஜீன்ஸைக் கழற்றிவிட்டு, கைலியை மடித்துக் கட்டினேன். நாகமலையில் ஏறுகிற மாதிரி எல்லோருக்கும் முன்னால் உச்சிக்குப் போய்விட்டேன். நாலு மாதமாக வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள், அன்றைக்குச் சுற்றி நின்று இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். இனி மாதாமாதம் என்னையும் கூட்டிப்போவார்களாம்.

என்னோடு வேலை பார்க்கும் ஞானமுத்து அண்ணன் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறார். திரும்பும்போது அவரிடம் ஒரு கைலி கொடுத்துவிடு. புதுசு வேண்டாம், கஞ்சி மொடமொடப்பில் இடுப்பில் நிற்காது. நான் இங்கே வந்ததிலிருந்து நீ போர்த்திப் படுக்கிறாயே, என்னுடைய அந்தப் பச்சைக் கைலி போதும். துவைக்க வேண்டாம்.

அண்ணன் கீழே ஹாரன் அடிக்கிறார். உனக்குப் போர்த்த ஒன்று வேண்டுமே. மலையேறிய கைலியை இத்தோடு அனுப்பியிருக்கிறேன். நானும் துவைக்கவில்லை.

அருள்பாண்டி