வாப்பாவின் மூன்று துணிகள்

மக்கா,
ஸஃபர் 5, 1374

என் கண்ணான தம்பி தலாலுக்கு,

ஸலாம். நீ கெய்ரோவில் நலமாக இருக்க லாத்தாவின் துஆ. வாப்பா படுத்த படுக்கையாகி ஒரு மாதம். இடது கண் முழுக்கப் போய்விட்டது. ஹாஜிகளுக்கு ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றப் பெரியப்பா மகன்தான் ஹரம் பள்ளிவாசலுக்குப் போகிறான். நம் குடுவைகளுக்கு மஸ்தகிப் பிசின் புகை போடுவதில் வாப்பாவின் கைப்பக்குவம் அவனுக்கு வராது. ஹாஜிகளே சொல்கிறார்கள்.

வாப்பாவைப் பார்க்க வந்த அண்டை வீட்டு மாமா, "உம்ம மகன் அங்க என்னதான் படிக்கிறான்?" என்றார்.

"தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு படிக்கிறான்."

"இங்க இருந்தப்ப ஒரு கிண்ணம் சிந்தாம ஊத்த வராதே அவனுக்கு!"

வாப்பா சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

நேற்று, தன்னை அடக்கும்போது சுற்ற வைத்திருக்கும் கஃபன் துணியைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னார். எந்த வருடம் ஸம்ஸமில் நனைத்துக் காயவைத்தார் என்று உனக்கு நினைவிருக்குமே. மூன்று துணிகளையும் தடவினார். ஸம்ஸமின் உப்பைத் தேடுவதுபோல ஒன்றின் ஓரத்தை நாக்கில் வைத்தார். மடித்துக் கொடுத்துவிட்டார். எனக்கென்னவோ துணி கடைத் துணிபோல விறைப்பாக இருந்தது. மஸ்தகி வாசமும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"தலால் எப்ப வருவான்?" என்று மட்டும் கேட்டார்.

உன் லாத்தா,
கைரிய்யா


கெய்ரோ,
ஸஃபர் 19, 1374

அன்புள்ள லாத்தா,

கடிதம் கிடைத்தது. பரீட்சை நெருங்குகிறது. அறையில் நான்கு பேர். ஜன்னல் மூடாது.

துணிகளுக்கு வயதாகும். வாசம் போய்விடும். பெட்டியில் ஈரம் இறங்கியிருக்கலாம். இதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே.

வாப்பாவுக்கு மருந்து அனுப்புகிறேன். விடுமுறையில் வரப் பார்க்கிறேன்.

தலால்


மக்கா,
ரபீவுல் அவ்வல் 3, 1374

தம்பி,

மருந்து வந்தது. வாப்பா குடிக்கிறார், முகத்தைச் சுளித்தபடி.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஈரமா? நம்ம பெட்டியிலயா?" என்றார்.

நான் சொன்னேன்: "கிணத்துக்கு எடுத்துட்டுப் போய் இன்னொரு தடவ நனைச்சிட்டு வந்துடுறேன் வாப்பா. அரை நாள் வேலை."

"வேணாம். அவன் வந்து நனைக்கட்டும்."

"ஏன் அவன்தானா? என் கை என்ன பாவம் பண்ணுச்சு?"

"உன் கை ஒண்ணும் பண்ணல, மகளே."

தலால், நான் முட்டாள் இல்லை. எதையும் கேட்கவும் போவதில்லை. கட்டிலுக்கு அருகே ஒரு குடுவை ஸம்ஸம் வைக்கச் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் மாற்றுகிறேன். உனக்காகத்தான். சூயஸிலிருந்து வாரம் ஒரு கப்பல் இருக்கிறது. ஏறி வா.

கைரிய்யா


கெய்ரோ,
ரபீவுல் அவ்வல் 20, 1374

லாத்தா,

நான்கு தாள்களைக் கிழித்தேன். இது ஐந்தாவது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. ஹஜ் முடிந்த வாரம். சுமத்ராவிலிருந்து வந்த ஒரு விதவை தன் கஃபனை நனைத்துத் தரும்படி வாப்பாவிடம் கொடுத்திருந்தாள். ஆண்களுக்கு மூன்று துணி, பெண்களுக்கு ஐந்து. ஹரமின் கீழ்த்தளத்தில் நம் அறையில் கொடியில் காயப் போட்டிருந்தோம். குடுவைகளுக்குப் புகை போடுவது என் வேலை. மஸ்தகியை நெருப்பில் தூவிவிட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு புத்தகம் படித்தேன். நல்ல புத்தகம். திரும்பிப் பார்த்தபோது மூன்று துணிகள் எரிந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை அவள் ஜித்தாவுக்குப் புறப்பட வேண்டும். இந்தத் துணிக்காகவே இருபது வருடம் அரிசி விற்றதாகச் சொல்லியிருந்தாள். கிணற்றில் நனைத்தால் காய நேரமில்லை. வாப்பாவின் பெட்டியில் ஏற்கெனவே நனைத்துக் காய்ந்த மூன்று இருந்தன. எடுத்தேன். கடையில் புதிதாக மூன்று வாங்கி அங்கே வைத்தேன். பிறகு நனைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நனைக்காமலே கெய்ரோவுக்கு வந்துவிட்டேன்.

அவள் கிளம்பும்போது என் தலையில் கைவைத்துத் துஆ செய்தாள். இன்றும் அந்த இடம் கனக்கிறது.

வாப்பா முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. நீயே நனைத்துவிடு. அவர் தூங்கும்போது. சொல்லாதே.

தலால்


மக்கா,
ரபீவுல் ஆகிர் 25, 1374

தலாலுக்கு,

வாப்பா போன ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு போய்ச் சேர்ந்தார். முஅல்லா மையவாடியில், உம்மாவின் வரிசையில் அடக்கம்.

உன் கடிதம் ரபீவுல் ஆகிர் ஒன்றாம் தேதியே வந்துவிட்டது. படித்துக் காட்டினேன். கடைசி வரியையும் சேர்த்துத்தான். எனக்கு ஒளிக்கத் தெரியாது.

அந்த விதவையைப் பற்றி வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். "அந்தம்மாவுக்கு என் துணியா போச்சு? நல்லது. கடல் தாண்டி வந்தவங்க." முகம் தெளிந்துவிட்டது. பிறகு, "எழுதிட்டான்ல? இனி வந்துடுவான்" என்றார்.

அன்று முதல் கப்பல் நாட்களை எண்ணினார். முதல் கப்பலுக்குப் பெரியப்பா மகனை ஜித்தாவுக்கு அனுப்பினார். இரண்டாவதற்கும் அனுப்பினார். மூன்றாவது கப்பலன்று, "அவன் வரலன்னா நனைக்காம அப்படியே போட்டுடு" என்றார். "அதுவும் அவன் கொடுத்ததுதானே."

குளிப்பாட்ட வந்தவர்கள் குடுவையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "தண்ணி பக்கத்துலயே இருக்கே, இன்னொரு தடவ நனைச்சுடலாமே?" நான் தலையசைத்து மறுத்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

ஊருக்கே ஸம்ஸம் ஊற்றும் ஸம்ஸமி வீட்டுப் பெரியவர், ஸம்ஸம் படாத துணியில் போனார். ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கும் உனக்கும் தெரியும்.

இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் கேட்பதற்கு முன் கிண்ணம் நிறைத்து நீட்டியே எனக்குப் பழக்கம். நீயும் ஒரு நாள் வருவாய். குடுவை அதே இடத்தில் இருக்கும், கிண்ணம் அதன் மேல் கவிழ்த்திருக்கும்.

நீயே ஊற்றிக் குடித்துக்கொள்.

கைரிய்யா