கத்தரின் தூங்கிய மெத்தை

2 மார்ச் 2025, ஞாயிறு. செனாய்

ஆயர் பாப்பான் கடற்கரையிலிருந்து மதியம் வீடு வந்தோம். வேனைக் கழுவவில்லை. மணலோடு வாசலில் நிற்கிறது. கழுவ மனம் வரவில்லை.

காரணத்தை எழுதிவிடுகிறேன். நேற்று ராத்திரி என் மனைவி கத்தரினுக்கு இடுப்பு வலி. அவள் தங்கை ஷர்மைன், "எங்க வேன்ல வந்து என்கூட படுத்துக்கக்கா. கென்னத் வெளிய கூடாரம் போட்டுக்குவாரு" என்றாள். கத்தரின் மறுபேச்சு பேசாமல் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். காலையில் எல்லாரும் எழுந்து வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாள். கையை மேலே தூக்கி நன்றாகச் சோம்பல் முறித்தாள். பிறகு, என்னை வைத்துக்கொண்டே சொன்னாள்: "எத்தனை வருஷமாச்சு இப்படித் தூங்கி."

கென்னத் மைலோ கலக்கிக்கொண்டிருந்தான். "மெத்தை அப்படிக்கா" என்று சிரித்தான்.

அவன் என் சகலை. கெலாங் பாத்தாவில் வீடு, பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரில் வேலை. போன வருடம் எல்லாம் செய்து முடித்த கேம்பர் வேனாகக் கடையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தான். நான் அப்படியில்லை. தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சாமான் ஏற்றும் பழைய வேன் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பலகையாக நானே இழைத்துப் பூட்டினேன். அடுப்பு, அலமாரி, ஜன்னலோரம் மெரந்தி மரச் சட்டம், அதற்கு மூன்று கை வார்னிஷ். மெத்தைக்கு மட்டும் பழைய சோபாவின் மூன்று ஸ்பாஞ்சுகளைச் சேர்த்து உறை தைத்துப் போட்டேன். அது போதும் என்றுதான் நினைத்தேன்.

வயிறு எரிகிறது. வேறு நாகரிகமான வார்த்தை தேடிப் பயனில்லை.

3 மார்ச், திங்கள்

'எத்தனை வருஷமாச்சு' என்றாள். எங்கள் வேனுக்கு இன்னும் இரண்டு வருடம்கூட ஆகவில்லையே. அப்படியென்றால் வீட்டுக் கட்டிலையும் சேர்த்தா சொன்னாள்?

5 மார்ச், சாம்பல் புதன்

கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். தவக்காலத்துக்கு எதை விடப்போகிறேன் என்று கேட்டாள். பியர் என்றேன். "பொறாமைய விட்டுப் பாருங்களேன், பியர விட அதுதான் கஷ்டம்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம் மறுபடி ஆயர் பாப்பான் போவதாக இரண்டு குடும்பமும் பேசி வைத்திருக்கிறோம். சாதத்தைப் பிசைந்துகொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டாள்: "இந்தத் தடவையும் நான் ஷர்மைன்கூட படுத்துக்கவா? நீங்க உங்க வேன்ல தாராளமா காலை நீட்டிப் படுக்கலாம்."

உங்க வேன். கவனித்தேன். இதுவரை நம்ம வேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவை போய்ப் படுத்தாள், சரி. இரண்டாம் தடவையும் அங்கேயே படுத்தால் பிறகு அதுதான் வழக்கம். நான் தனியாக ஓட்டிக்கொண்டு போய், தனியாகப் படுத்து, காலையில் கென்னத் கையால் மைலோ குடிக்க வேண்டும். அதற்காகவா இந்த வேனைக் கட்டினேன்? அவளுக்காகத்தானே கட்டினேன். அவள் இல்லாமல் எனக்கு இது எதற்கு? வந்த விலைக்குத் தள்ளிவிடலாம்.

பார்க்கலாம். மெத்தைதானே. மாற்றிவிட்டால் போகிறது.

8 மார்ச், சனி

கூலாய் ஸ்பாஞ்சுக் கடைக்குப் போனேன். கத்தரினிடம் டயர் பார்க்கப் போவதாகச் சொன்னேன். தெரியாமல் செய்து அசத்த வேண்டும்.

கடைக்காரச் சீனர், என் வயது இருக்கும், ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்க்கச் சொன்னார். மெமரி ஃபோம் நம் ஊர் வெக்கைக்குச் சூடு. ஸ்பிரிங் மெத்தையை வெட்ட முடியாது. என் கட்டிலுக்கு ஒரு மூலை கட்டாயம் வெட்ட வேண்டும், பின்சக்கர மேடு அங்கேதான் துருத்திக்கொண்டு நிற்கிறது. ரொம்பத் தடிப்பாகப் போட்டால் எழுந்து உட்காரும்போது மேல் அலமாரியில் தலை இடிக்கும். இத்தனையும் யோசித்துவிட்டுக் கடைசியில் கடையிலேயே மெதுவானது எது என்று கேட்டேன். கைவைத்தால் மணிக்கட்டு வரை உள்ளே போனது. கென்னத்தின் மெத்தை எவ்வளவு மெதுவோ, இது அதைவிட மெதுவாக இருக்கட்டும்.

"பினி தா இக்குட்?" என்றார் கடைக்காரர். மனைவி கூட வரவில்லையா என்கிறார். சர்ப்ரைஸ் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுக் கத்தியை எடுத்து மூலையை வெட்டிக்கொடுத்தார்.

15 மார்ச், சனி

நேற்று ஒரு ராத்திரி கோத்தா திங்கி பக்கம் போய் வந்தோம். புது மெத்தைக்கு வெள்ளோட்டம். விரிப்பை விலக்கிக் காட்டியபோது கத்தரின் முகம் மலர்ந்தது உண்மை. ஜன்னலோரம் அவள், கதவுப் பக்கம் நான். ராத்திரியில் எழுந்து போகிறவன் நான்தானே. நான் படுத்ததுதான் தெரியும். மேகத்தில் விழுந்தவன் மாதிரி தூங்கிப்போனேன்.

காலையில் கேட்டேன், எப்படி என்று.

"நல்லாருக்கு."

அதை அவள் சொன்ன விதம் எனக்குத் தெரியும். என் தங்கை வைத்த மீன் குழம்புக்கும் அப்படித்தான் சொல்வாள். சோம்பல் முறிக்கவில்லை. கைகளைத் தூக்கவேயில்லை. வீடு வரும் வரை வலது முன்கையில் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தாள். இடுப்பு வலி தெரியும், கை எதற்கு வலிக்கிறது? கேட்டதற்கு, "வயசாச்சில்ல" என்று முடித்துவிட்டாள்.

18 மார்ச், செவ்வாய்

குடும்ப வாட்ஸ்அப்பில் கென்னத் அவன் வேனுக்குள்ளிருந்து படம் போட்டிருக்கிறான். புது விரிப்பு, பூப் போட்டது. கத்தரின் இதயம் போட்டிருக்கிறாள். சிவப்பு.

22 மார்ச், சனி

இன்றைக்கு நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்ல?

கென்னத்துக்கு இரவல் கொடுத்த டிரில் மெஷினைத் திரும்ப வாங்கி வருகிறேன் என்று கெலாங் பாத்தா போனேன். ஷர்மைன் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள், கென்னத் குளித்துக்கொண்டிருந்தான். வேன் கதவு திறந்திருந்தது. நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மெத்தையில் நீட்டிப் படுத்தேன்.

கல். கோயில் பெஞ்சு இதைவிட மெதுவாக இருக்கும். புரண்டு பார்த்தேன், இந்த ஓரம், அந்த ஓரம். எல்லாம் கட்டைதான். உறையின் ஜிப்பைக் கொஞ்சம் இழுத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே குரல். "என்னண்ணே, டெஸ்ட் பண்றீங்களா?"

கென்னத், இடுப்பில் துண்டோடு.

கத்தரின் மூக்குக்கண்ணாடியை இங்கே விட்டுவிட்டாளாம், தேடுகிறேன் என்றேன். "ஜிப்புக்குள்ளயா?" என்றான். அந்த மனுஷனுக்கு எப்போதும் சிரித்த முகம். அதுதான் எனக்குப் பிடிக்காது.

திரும்பி ஓட்டி வரும்போது இன்னொரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கட்டையில் அவள் அப்படித் தூங்கினாள் என்றால், மெத்தை காரணமில்லை. வேறென்ன? அந்த ராத்திரிக்கும் மற்ற ராத்திரிகளுக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்.

பக்கத்தில் நான் இல்லை.

24 மார்ச், திங்கள்

சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். டிரில் எங்கே என்று கேட்டாள். வாங்கி வர மறந்தே போயிருந்தேன். கண்ணாடிக் கதை அவளுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. ஷர்மைன் சொல்லாமல் இருப்பாளா? கத்தரின் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

என்னென்னவோ கேட்டுவிட்டேன். கென்னத்தும் நீயும் குளுவாங் கோயில் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடினவர்கள்தானே, எனக்கு முன்னாலேயே உனக்கு அவனைத் தெரியும்தானே என்று. அறுபது வயதில் கேட்கிற கேள்வியா இது? அவன் அன்றைக்கே ஷர்மைன் பின்னால் சுற்றினவன், ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சும் கேக்குறேன். வாய் நிக்கல.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "உங்களுக்கு என்னதான் வேணும், ரோலண்ட்?" என்றாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம்.

என்ன வேணும்? என் பக்கத்துல நீ நல்லா தூங்கணும். அவ்வளவுதான் வேணும். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் வேணாம், வேன வித்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

29 மார்ச், சனி

விற்பதாக இருந்தால் சுத்தம் செய்தாக வேண்டும். மெத்தையை வெளியே இழுத்து வெயிலில் போட்டேன். மூன்று வாரத்துக்குள் அடிப்பக்கம் ஈரம் கோத்து, கறுப்புப் பொட்டு வைக்கத் தொடங்கியிருந்தது. கீழே முழுப் பலகை, காற்றுப் போக வழியில்லை. பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்டுச் சட்டங்கள் போட்டிருக்க வேண்டும். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஈரத்துணியால் ஜன்னலோரச் சட்டத்தைத் துடைத்தேன். ஓரிடத்தில் துணி வழுக்காமல் சொரசொரவென்று பிடித்தது. குனிந்து பார்த்தேன். மூன்று கை வார்னிஷும் அந்த இடத்தில் தேய்ந்து வெறும் மரம் தெரிந்தது. உள்ளங்கை அகலம்தான். படுத்துக்கொண்டு கையை நீட்டினால் எட்டுகிற இடம். அவள் கை.

துணியோடு அடுக்களைக்குப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேன் ஜன்னல் சட்டத்தை எதற்குப் பிடித்துக்கொண்டு படுக்கிறாய் என்று கேட்டேன்.

கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க படுத்ததும் மெத்தை உங்க பக்கம் அமுங்கிடுது லா. நான் உருண்டு வந்து உங்க மேல விழுவேன். உங்களுக்குத் தூக்கம் கெடும். அதான் பிடிச்சிக்குவேன்."

"ராத்திரி பூராவா?"

"கண்ணசந்தா கை விட்டுரும். உருளுவேன். திரும்பப் பிடிச்சிக்குவேன்."

"புது மெத்தையில?"

"அது இன்னும் மோசம். பள்ளத்துல விழுந்த மாதிரி."

வீட்டுக் கட்டிலில் இந்தத் தொல்லை இல்லை. அது பஞ்சு இறுகிப்போன பழைய மெத்தை. நான்தான் அவளுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று வேனுக்கு மெதுவாகத் தேடினேன். தூக்கம் வராதது இந்தப் பயணங்களில் மட்டும்தான்; 'எத்தனை வருஷமாச்சு' என்றது சும்மா ஒரு பேச்சுக்காம். மாதம் ஒரு தடவையாவது கூட்டிக்கொண்டு போய்விடுவேன், இடம் பார்த்துப் பார்த்து.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒவ்வொரு பலகையா இழைச்சி இழைச்சி போட்டீங்க. மெத்தை சரியில்லன்னு சொன்னா வேனே சரியில்லன்னு எடுத்துக்குவீங்க. ஒரு நாள் வெளிய படுத்ததுக்கே இந்தப் பாடு."

மீதி வெங்காயத்தை நான் உரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாகவும் இருந்தது.

5 ஏப்ரல், சனி

இந்த முறை இரண்டு பேருமாகக் கூலாய்க்குப் போனோம். கடைக்காரர் கத்தரினைப் பார்த்ததும் என்னைப் பார்த்தார். சர்ப்ரைஸ் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

"நீங்களும் படுங்க" என்றாள் கத்தரின். கடை நடுவில், ஆள் போகிற வருகிற இடத்தில், இரண்டு கிழங்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கூரையைப் பார்த்தோம். தலையணை வாங்க வந்த ஒரு சின்னப் பெண் சிரித்தாள். எனக்குக் காது சூடானது. கத்தரின் கவலைப்படவில்லை. நான் புரளப் புரள, தன்னால் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருக்க முடிகிறதா என்று சோதித்தாள். உருண்டால் எழுந்து அடுத்த மெத்தை.

ஐந்தாவதோ ஆறாவதோ. தேங்காய் நார் அழுத்திச் செய்தது, மேலே மெல்லிய ரப்பர் ஸ்பாஞ்சு. நான் முழுக்கத் திரும்பிப் படுத்தேன். அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். "இது" என்றாள்.

எனக்கு அது கென்னத்தின் மெத்தையைவிடக் கட்டையாக இருந்தது. நானும் "இது" என்றேன்.

அடிப்பலகையை எடுத்துவிட்டுச் சட்டங்கள் அடிக்க இரண்டு நாள் வேலை இருக்கிறது. வேன் விற்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

20 ஏப்ரல், ஈஸ்டர்

திருப்பலி முடிந்து ஒரு பியர். கென்னத் வாங்கிக் கொடுத்தது. குடித்தேன்.

27 ஏப்ரல், ஞாயிறு. ஆயர் பாப்பான்

காலை. வேனுக்கு வெளியே நாற்காலி போட்டு எழுதுகிறேன். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி முழுக்க அந்தத் தேங்காய் நார் என் எலும்பை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. மைலோ நானே கலக்கிக்கொண்டேன்.

கத்தரின் இன்னும் எழவில்லை. வெயில் ஏறிவிட்டது.

ஷர்மைன் வந்தாள். "அக்கா எங்க, அத்தான்?"

"தூங்குறா."

"இன்னுமா?"

"இன்னும்தான்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அடுத்த வேன் வரைக்கும் கேட்கட்டும்.

கேட்டது. கென்னத் வந்தான். சட்டையில்லாமல், அதே சிரித்த முகம். கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "என்ன மெத்தைண்ணே? எந்தக் கடை? ஷர்மைன் எங்களுத சரியில்லங்கிறா."

சொன்னேன். தலையாட்டிக்கொண்டு போனான்.

தொப்பியை எடுக்க உள்ளே போனேன். சத்தம் போடாமல்தான் போனேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை, என் பக்கம் திரும்பியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கை சட்டத்தில் இல்லை. நான் எழுந்து வந்த இடத்தில் விரல் விரிந்து கிடந்தது. தொப்பியை எடுக்காமலே இறங்கிவிட்டேன்.

கென்னத்திடம் கூலாய்க் கடையைக் குளுவாங்கில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாள் தேடட்டும்.