வெள்ளித்தாள் சுற்றிய ரத்தம்

மச்சான்,

இன்று காலை மருமகள் சப்பாத்தியை வெள்ளித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சரசரப்பு காதில் விழுந்ததும் உன் ரத்தம் நினைவுக்கு வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் கையால் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. ஒரு வரிக்கு ஒரு வாய் டீ என்று மெதுவாகத்தான் போகிறது. ஆனால் போகிறது, பார்.

பாடியிலிருந்த ஃபேக்டரியில் ஒரே ஷிப்டில் நின்றவர்கள் நாம். வேலையிலிருந்து நின்ற பிறகு உன் கண் மஞ்சளானது. பித்தம் இறங்கும் குழாய் சுருங்கி ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். அப்புறம் கால் மரத்தது, நடை தள்ளாடியது. ஈரலில் நோய், நடையில் தள்ளாட்டம். நம் சேக்காட்டு ஊர்வாய்க்கு இது போதாதா? டீக்கடை பெஞ்சிலிருந்து தையல்காரர், "காலைலயே மப்பு வருது பாரு" என்பார். ஒரு சொட்டுக்கூடத் தொடாதவன் நீ. பேசும் சாக்கில் உன் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் வைட்டமின் ஈ எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடுமாம். ரத்தம் எடுத்த பெண் குழாயை வெள்ளித்தாளில் சுற்றினாள். வெறும் வயிற்றோடு இருந்த நீ, "இன்னாம்மா, பிரியாணி பார்சல் கணக்கா கட்டிக்கினு போற?" என்றாய். அவள் சிரித்துவிட்டாள்.

அளவு சரியாகவே இருக்கிறது என்று தாள் வந்தது. அங்கிருந்த இளம் டாக்டர், எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய் என்று கேட்டார். நான் தலை குனிந்தேன். நீ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். "கால்ல உணர்ச்சியே இல்ல. தாள்ல மட்டும் எல்லாம் நல்லா கீதா? மறுக்கா பாரு சார்."

சத்தம் கேட்டுப் பெரிய டாக்டரம்மா வந்தார். அந்த வைட்டமின் ரத்தக் கொழுப்போடு சேர்ந்துதான் ஓடுமாம். உன் நோயில் கொழுப்பு ஏறிக் கிடப்பதால், அதுவும் போதிய அளவு இருப்பதுபோலக் காட்டுமாம். கொழுப்பையும் அளந்து, இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். உனக்கு அந்த வைட்டமின் மிகவும் குறைவு. கால் நரம்பு கெட்டதும் அதனால்தான். எழுதித் தரச் சொல்லி நீ விடாமல் கேட்டதால், தாளின் பின்பக்கம் தமிழில் ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அதை என் சட்டைப் பையில் செருகினாய். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்றேன். "வேற எவன் வாயாலயும் வாணாம் மச்சான். நீயுந்தானே மோந்து பாத்த? நீயே படி" என்றாய். நீயும் கைநாட்டு, நானும் கைநாட்டு. சொல்லிவிட்டு நீயே சிரித்தாய்.

மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஈரல் உன்னை விடவில்லை. நீ போனபோது நான் அ, ஆவில் இருந்தேன்.

போன வாரம் அதே டீக்கடையில் நின்று அந்தத் தாளைப் படித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, விரல் வைத்து, உரக்க. தையல்காரர் பாதியில் எழுந்தார். "உக்காரு நைனா, இன்னும் கீது" என்றேன். உட்கார்ந்தார். அவர் டீ ஆறிப்போனது. முடித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தேன்.

தாள் மடிப்பில் கிழிந்துகொண்டு வருகிறது. கிழியட்டும். எனக்கு இப்போது பார்க்காமலே எழுத வருகிறது:

இவர் தள்ளாடுவது நோயினால், குடியினால் அல்ல.