ஒரே கேசட், இரண்டு அட்டை

ஆண்டாள் துணை

ஸ்ரீவில்லிபுத்தூர்
20.12.1996

அன்புள்ள துரை அண்ணாச்சி அவர்களுக்கு, கோதைநாயகி வணக்கம். இங்கே நானும் உங்கள் சிநேகிதரும் சுகம். பிலாயில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகந்தானே? மார்கழிப் பனி இங்கேயே தாங்கவில்லை, அவ்வளவு வடக்கே அங்கே எப்படியோ. காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போங்கள். தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காரணம் கீழே வருகிறது.

இது மூன்றாவது இன்லேண்ட். முதல் இரண்டிலும் சுகம் விசாரித்தேன், பதில் இல்லை. அதனால் இதில் சண்டை. கணக்கு நோட்டில் இதையும் தபால் வகையில்தான் எழுதியிருக்கிறேன். வீண்செலவில் எழுத வைத்துவிடாதீர்கள். விலாசம் ராஜபாளையத்தில் உங்கள் தங்கை ஞானரத்தினம் கொடுத்தது. நான் எழுதுவது வீட்டில் அவருக்குத் தெரியாது.

போன வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு சி.டி. கம்பெனிக்காரர் வந்தார். உங்கள் இருவர் பாட்டையும் சி.டி.யாகப் போடப் போகிறார்களாம். இதுவரை வந்ததையெல்லாம் பையிலிருந்து எடுத்துப் பாயில் வரிசையாக வைத்தார். எண்பத்து மூன்றில் வந்த இசைத்தட்டு. அட்டையில் இரண்டு பேரும் கூலிங்கிளாஸோடு, 'மணவாளன் – துரை' என்று. அடுத்து மதுரைக் கம்பெனி அதையே வாங்கிப் போட்ட கேசட். அதிலும் இரண்டு பேர். அதற்குப் பிறகுதான் அந்தப் பாழாய்ப்போன எண்பத்தொன்பது.

அந்த வருஷம் ஆடிப்பூரத்துக்குத் தேர்ப் படம் போட்டு ஒரு கேசட் வந்ததே, அதை ரத வீதியில் நானே வாங்கினேன். 'அழகியமணவாளன் குழுவினர்' என்று இருந்தது. எனக்குத் தெரியாமல் மனுஷர் பக்திப் பாட்டுப் பாடியிருக்கிறாரே என்று பூரித்துப்போய், விளக்கேற்றி வைத்துப் பட்டனை அமுக்கினேன். எதிர்வீட்டு ஜயலக்ஷ்மி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். வந்தது, மழைக்கு பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கிய பெண்ணைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் பாடின பாட்டு. முதல் சரணம் முடிகிறவரை ஜயலக்ஷ்மி கையை இறக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை. இன்றைக்கும் கோயிலில் கண்டால் பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிறாள்.

அந்த அட்டையைப் பார்த்துத்தான் நீங்கள் எங்கள் வீட்டுப் படி ஏறாமல் போனீர்கள். உங்கள் பேரைக் கழற்றிவிட்டு அவர் பேரை மட்டும் போட்டுக்கொண்டதாகச் சொன்னீர்களாம். அதே டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரப் படம் போட்டு இன்னொரு கேசட், 'ஜெபதுரை குழுவினர்' என்று. அதை இவர் ராஜபாளையத்துக் கடையில் பார்த்துவிட்டு வந்து, துரை பழிவாங்கிவிட்டான் என்று அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. உள்ளே அதே பத்துப் பாட்டு. உங்கள் கோயில் மைக்கிலும் அதே பஸ் ஸ்டாப் பெண்தான் பாடினாளாம்; பாஸ்டர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார் என்று ஞானரத்தினம் சொன்னாள்.

பாயில் கிடந்த அந்த இரண்டு அட்டையையும் நான் திருப்பிப் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில், இரண்டும் சிவகாசியில் ஒரே அச்சகம், ஒரே ஜூன் மாதம். தேர் வருவதற்கு முன்னாலேயே நட்சத்திரமும் அச்சாகிவிட்டது, அண்ணாச்சி. யாரும் யார் பேரையும் எடுக்கவில்லை. ஆளுக்கொரு திருவிழாவில் விற்றுக் காசு பார்க்கக் கம்பெனிக்காரன் செய்த வேலை. ஒரு நடை போய் ஏன்டா என்று கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நீங்கள் கேட்காமல் பிலாய்க்கு ரயில் ஏறினீர்கள். இவரும் கேட்கவில்லை.

அட்டையை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார், கழற்றித் துடைத்தார், திரும்ப வாசித்தார். ஒரு கடிதம் எழுதுங்கள் என்றால், அவன் எழுதட்டும் என்கிறார். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் என்ன தபால்பெட்டியா?

இப்போது விஷயம். பழைய டேப்பில் பூஞ்சை பிடித்துவிட்டதாம். எல்லாப் பாட்டையும் புதிதாகப் பாட வேண்டும். பொங்கல் கழிந்த திங்கட்கிழமை மெட்ராஸில் ரெக்கார்டிங். நீங்கள் வராவிட்டால் உங்கள் பங்கை வேறு ஒருவர் பாடுவாராம். அட்டையில் மட்டும் 'மணவாளன் – துரை' என்றே போடுவார்களாம். பேருக்குச் சண்டை போட்டீர்களே, இப்போது பேர் மட்டும் இருக்கும், நீங்கள் இருக்க மாட்டீர்கள். இவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் சவரம் செய்யும்போது அந்தப் பாட்டுகளைப் பாடுகிறார். தன் அடிகளை மட்டும். உங்கள் அடி வந்தால் கத்தியைப் பிடித்தபடி சும்மா நிற்பார். அது முடிகிற நேரத்துக்குச் சரியாகத் தன் அடியை எடுப்பார். ஏழு வருஷமாக இப்படித்தான். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படியிலிருந்து உங்கள் அடியை நான் பாடிவிட்டேன். பாதிச் சோப்பு முகத்தோடு வந்து நின்று, "ஏட்டி, அது துரை பாடுற இடம்" என்றார்.

மெட்ராஸுக்கு நேரே போகாமல் முதலில் இங்கே வாருங்கள். கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டாம்; தங்கையைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் கர்த்தரும் எங்கள் ஆண்டாள் தாயாரும் சேர்ந்து உங்களை நல்லபடியாக ரயில் ஏற்றி விடட்டும். காலையில் வாருங்கள், அவர் சவரம் செய்கிற நேரத்துக்கு.

இப்படிக்கு,
உங்கள் அடியை இனி பாடாத தங்கை,
கோதைநாயகி